மின்னெல்லியின் இசைப் படங்கள்: எது முதலில், எது கடைசியில், ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாலிவுட் இசைப் படங்கள் உச்சத்தில் இருந்த காலத்தில் எம்.ஜி.எம். ஸ்டுடியோவில் வேலை பார்த்த இயக்குநர் வின்சென்டி மின்னெல்லி. அவருடைய இசைப் படங்களை ஒன்று முதல் பதின்மூன்று வரை வரிசைப்படுத்தி நண்பர்களிடம் காட்டினேன். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய இரண்டையும் முதல் மூன்றுக்குள் வைக்கவில்லை. அன்று ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை. அதில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் என் பதில்களும் கீழே. கதையின் முடிவுகளையும் சொல்லித்தான் பேசியிருக்கிறேன். படங்களை இன்னும் பார்க்காதவர்கள் கவனிக்கவும்.

மின்னெல்லி யார்? பெயரைக் கேட்டதே இல்லையே?

பாடகி, நடிகை லைசா மின்னெல்லியின் அப்பா என்றால் சிலருக்குத் தெரியும். நடிகை ஜூடி கார்லண்டின் கணவராக இருந்தவர் என்றால் இன்னும் சிலருக்கு. 1903இல் சிகாகோவில் பிறந்தார். ஊர் ஊராகக் கூடாரம் போட்டு நாடகம் நடத்திய குடும்பம். இளைஞனாக சிகாகோவின் மார்ஷல் ஃபீல்ட் கடையில் கண்ணாடி ஜன்னல்களை அலங்கரிக்கும் வேலை. அப்புறம் தியேட்டர்களுக்கு உடை வடிவமைப்பு, நியூயார்க் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் கலை இயக்கம், பிராட்வேயில் மேடை நிகழ்ச்சிகள். 1940இல் தயாரிப்பாளர் ஆர்தர் ஃப்ரீட் அவரை எம்.ஜி.எம்.முக்கு அழைத்து வந்தார். இருபது வருடங்களுக்கும் மேல் அந்த ஒரே ஸ்டுடியோவில் இருந்தார். 1986இல் காலமானார்.

கடை ஜன்னல் அலங்காரம் செய்தவர் என்பது அவரைத் திட்ட நினைத்தவர்களுக்கு வசதியாகப் போயிற்று. அதைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.

சரி, உங்கள் வரிசை என்ன?

முதலிடம் மீட் மீ இன் செயின்ட் லூயிஸ் (1944). இரண்டு, தி பேண்ட் வேகன் (1953). மூன்று, தி பைரேட் (1948). நான்கு, ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ் (1951). ஐந்து, கேபின் இன் தி ஸ்கை (1943). ஆறு, ஜிஜி (1958). ஏழு, பெல்ஸ் ஆர் ரிங்கிங் (1960). எட்டு, யோலாண்டா அண்ட் தி தீஃப் (1945). ஒன்பது, பிரிகடூன் (1954). பத்து, சீக்ஃபெல்ட் ஃபாலீஸ் (1946). பதினொன்று, ஆன் எ க்ளியர் டே யூ கேன் சீ ஃபாரெவர் (1970). பன்னிரண்டு, கிஸ்மெட் (1955). கடைசி, ஐ டூட் இட் (1943).

முதல் இரண்டுக்கும் இடையில் நூலிழை வித்தியாசம்தான். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி உண்டு. ஒன்பதுக்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையில் மாற்றிப் போட்டாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

எதை வைத்து இப்படி அடுக்கினீர்கள்?

ஒரே ஒரு சோதனைதான். ஒரு பாட்டோ நடனமோ முடிந்ததும், அதில் இருந்த ஆள் அதற்கு முன்னால் இருந்த அதே ஆளாகவே இருக்கிறாரா? அப்படியே இருந்தால் அந்தப் பாட்டு அலங்காரம். ஏதோ ஒன்று மாறியிருந்தால், அந்தப் பாட்டில்லாமல் கதை நகராது.

இது கொஞ்சம் கறாரான சோதனை என்று தெரியும். இசைப் படத்துக்குப் போகிறவர்கள் கதை நகர்வதைப் பார்க்கவா போகிறார்கள்? நடன நடிகர் ஃப்ரெட் அஸ்டேர் கால் மாற்றி வைப்பதைப் பார்ப்பதே போதாதா? போதும்தான். ஆனால் அஸ்டேரின் கால்கள் வேறு இயக்குநர்களின் படங்களிலும் அழகாகத்தான் இருக்கின்றன. மின்னெல்லிக்கு என்று தனியாக ஒன்று இருக்கிறதல்லவா, அதைப் பிடிக்க வேண்டுமானால் இந்தச் சோதனை உதவுகிறது. வாயால் சொல்ல முடியாததை அவருடைய ஆட்கள் பாட்டுக்குள்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

மீட் மீ இன் செயின்ட் லூயிஸ் ஏன் முதலிடம்? அதில் கதையே இல்லையே?

இல்லைதான். செயின்ட் லூயிஸ் நகரில் ஸ்மித் என்று ஒரு நடுத்தரக் குடும்பம். 1903 கோடையில் ஆரம்பித்து, 1904இல் அந்த ஊரில் நடந்த உலகக் கண்காட்சியோடு படம் முடிகிறது. வேலை மாற்றம் வந்திருப்பதால் நியூயார்க்குக்குக் குடிபோக வேண்டும் என்கிறார் அப்பா. வீட்டில் யாருக்கும் இஷ்டமில்லை. கடைசியில் போகவில்லை. அவ்வளவுதான். சாலி பென்சன் எழுதிய தன் குடும்பக் கதைகளிலிருந்து எடுத்தது. கதையில் ஒன்றுமில்லை என்ற குறை ஸ்டுடியோவுக்கும் இருந்தது.

ஆனால் வீட்டைப் பாருங்கள். ஒவ்வொரு பருவமும் ஒரு பழைய வாழ்த்து அட்டையில் வரைந்த வீட்டுப் படத்தோடு தொடங்குகிறது. அந்த அட்டை மெல்ல உயிர்பெற்றுத் தெருவாகிறது. தொடக்கத்தில் தலைப்புப் பாட்டை ஒருவர் முணுமுணுக்க, அது இன்னொருவர் வாய்க்குத் தாவி, மாடி, படிக்கட்டு, தாத்தாவின் அறை என்று வீடு முழுக்கச் சுற்றி வருகிறது. கேமராவும் அதன் பின்னாலேயே போகிறது. இரண்டு மூன்று நிமிடத்தில் எந்த அறை எங்கே இருக்கிறது, யாருக்கு யார் என்ன வேண்டும் என்பதெல்லாம் நமக்குத் தெரிந்துவிடுகிறது. இந்த வீட்டை விட்டுப் போகவேண்டும் என்று பிற்பாடு அப்பா சொல்லும்போது நமக்கும் பகீரென்கிறது.

அப்புறம் ஹாலோவீன் இரவு, பிள்ளைகள் பேய் வேடமிட்டுத் தெருவில் குறும்பு செய்யும் நாள். கடைக்குட்டி டூட்டி (மார்கரெட் ஓப்ரையன்) தெருவே பயப்படும் ஒரு மனிதரின் வீட்டுக்குத் தனியாக நடந்துபோய், கதவைத் தட்டி, அவர் முகத்தில் மாவை எறிய வேண்டும். இருட்டில் அவள் நடக்க, கேமரா அவள் முகத்தைப் பார்த்தபடியே பின்னால் நகர்கிறது. காற்று, சருகுகள், தூரத்தில் மற்ற பிள்ளைகள் மூட்டிய தீ. பாட்டு கிடையாது. குடும்பப் படத்தின் நடுவில் ஒரு பேய்ப் படம் புகுந்துகொண்டது போல இருக்கும். படம் நீளம் என்பதால் இந்தக் காட்சியையே வெட்டிவிடலாமா என்ற பேச்சு நடந்தது. நல்லவேளையாக இது தப்பியது. பதிலுக்கு, புகழ்பெற்ற பாட்டு ஜோடியான ராட்ஜர்ஸ்–ஹாமர்ஸ்டைனின் பாட்டு ஒன்று போயிற்று.

என் சோதனைக்கு வருகிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, அக்கா எஸ்தர் (ஜூடி கார்லண்ட்) ஜன்னலோரம் நின்று தங்கையைத் தேற்ற ஒரு பாட்டுப் பாடுகிறாள். இன்று கடைகளில் டிசம்பர் முழுக்க ஒலிக்கும் ஹேவ் யுவர்செல்ஃப் எ மெர்ரி லிட்டில் கிறிஸ்துமஸ்தான் அது. ஹ்யூ மார்ட்டினும் ரால்ஃப் பிளேனும் இந்தப் படத்துக்காகச் செய்த பாட்டு. முதலில் எழுதிய வரிகள் இன்னும் சோகமாக இருந்தன. அழும் குழந்தையிடம் இதைப் பாடினால் என்னைக் கொடுமைக்காரி என்பார்கள் என்று கார்லண்ட் மறுத்ததால் மாற்றி எழுதினார்கள். ஆறுதல் சொல்லும் பாட்டு. ஆனால் ஆறுதல் பலிக்கவில்லை. பாட்டு முடிந்ததும் டூட்டி இரவு உடையோடு பனியில் ஓடிப்போய், தோட்டத்தில் தான் செய்துவைத்திருந்த பனி மனிதர்களை அடித்து நொறுக்குகிறாள். நியூயார்க்குக்குக் கொண்டுபோக முடியாது அல்லவா, வேறு யாருக்கும் கிடைக்கக் கூடாது. மாடி ஜன்னலிலிருந்து அப்பா இதைப் பார்க்கிறார். முடிவை மாற்றிக்கொள்கிறார்.

ஒரு பாட்டு, ஒரு குழந்தையின் வெறி, அதைப் பார்த்து மனம் மாறும் ஓர் அப்பா. இப்படி ஒன்றிலிருந்து ஒன்று முளைக்கும் காட்சிக் கோவை அவருடைய மற்ற எந்த இசைப் படத்திலும் இல்லை. டூட்டி இல்லாவிட்டால் இது வெறும் இனிப்புப் பண்டமாகப் போயிருக்கும்.

தி பேண்ட் வேகன்தான் அவருடைய சிறந்த படம் என்று பலரும் சொல்கிறார்களே?

வாரத்தில் மூன்று நாள் நானும் அப்படித்தான் சொல்வேன்.

படம் ஓர் ஏலத்தில் ஆரம்பிக்கிறது. டோனி ஹண்டர் என்ற முன்னாள் நடன நட்சத்திரத்தின் தொப்பியையும் கைத்தடியையும் ஏலம் விடுகிறார்கள். விலையை எவ்வளவு இறக்கியும் கேட்க ஆளில்லை. டோனியாக நடிப்பவர் அஸ்டேர். அந்தத் தொப்பியும் கைத்தடியும் யாருடைய அடையாளம் என்று அன்று தியேட்டரில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அப்போது அவருக்கு வயது 54. தன்னைத் தானே கேலி செய்துகொள்ள ஒரு நடிகர் சம்மதிப்பது சின்ன விஷயமில்லை.

நியூயார்க்கில் அவருக்காக ஒரு நகைச்சுவை நாடகம் காத்திருக்கிறது. பெரிய கலை மேதை என்று பெயரெடுத்த ஓர் இயக்குநர் (ஜாக் புக்கானன்) அதைக் கையில் எடுத்து, சாத்தானுக்கு ஆன்மாவை விற்கும் ஃபாஸ்ட் என்பவனின் கதையாக மாற்றி, மேடை முழுக்கப் புகையும் வெடியுமாக நிரப்பி நாசமாக்குகிறார். இந்த நாடகத்தை எழுதும் ஜோடி, படத்தை எழுதிய பெட்டி காம்டன், அடால்ஃப் கிரீன் இருவரின் சாயலிலேயே உருவானது. படத்தில் கணவன் மனைவி. நிஜத்தில் அப்படி இல்லை, தொழிலில் மட்டும்தான் ஜோடி.

இனி டான்ஸிங் இன் தி டார்க். டோனிக்கும் அவருடன் ஆடவேண்டிய பாலே நடனக்காரி கேப்ரியேலுக்கும் (சிட் சாரிஸ்) ஒத்துவரவில்லை. இவருக்கு அவள் கலையைப் பார்த்துப் பயம், அவளுக்கு இவர் பெயரைப் பார்த்துப் பயம். சண்டை போட்டு, சமாதானமாகி, நாம் இருவரும் சேர்ந்து ஆட முடியுமா என்று பார்த்துவிடலாம் என குதிரை வண்டியில் சென்ட்ரல் பார்க்குக்குப் போகிறார்கள். ஜோடி ஜோடியாக ஆடிக்கொண்டிருக்கும் கூட்டத்துக்கு நடுவே பேசாமல் நடக்கிறார்கள். ஆளில்லாத ஓர் இடம் வருகிறது. நடை எப்போது நடனமானது என்று கண்டுபிடிக்க நான் பலமுறை திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அவள் ஒரு சின்னச் சுற்று சுற்றுகிறாள், அவர் பதில் சொல்கிறார், அவ்வளவுதான். பாட்டின் வரிகளை யாரும் பாடுவதில்லை. முடிந்ததும் அதே வண்டியில் ஏறி உட்கார்கிறார்கள். ஒரு வார்த்தை இல்லை. வேலை முடிந்துவிட்டது. என் சோதனைக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடையாது. அந்தப் பார்க், ஸ்டுடியோவுக்குள் போட்ட செட் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்படியென்றால் ஏன் இரண்டாமிடம்? கடைசிப் பகுதி. ஃபாஸ்டைத் தூக்கிப் போட்டுவிட்டு டோனி பொறுப்பை ஏற்றதும், படம் வரிசையாக மேடை நிகழ்ச்சிகளைக் காட்ட ஆரம்பிக்கிறது. மூன்று பேர் கைக்குழந்தைகளாக முழங்காலில் நின்று ஆடும் ட்ரிப்லெட்ஸ் வயிறு குலுங்க வைக்கும். துப்பறியும் கதைகளைக் கிண்டல் செய்யும் கேர்ள் ஹண்ட் பாலே அட்டகாசம். மைக்கேல் ஜாக்சனின் ஸ்மூத் கிரிமினல் பார்த்தவர்களுக்கு அந்த வெள்ளை சூட்டும் தொப்பியும் எங்கிருந்து வந்தன என்று உடனே புரியும். ஆனால் இந்தப் பாட்டுகளால் டோனிக்கோ கேப்ரியேலுக்கோ எதுவும் நேர்வதில்லை. விருந்து பிரமாதம். நாம் எதற்கு வந்தோம் என்பது மட்டும் கொஞ்ச நேரம் மறந்துபோகிறது.

ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியதே. நான்காமிடம் அநியாயம் இல்லையா?

ஆஸ்கர் ஒன்றல்ல, ஆறு. தவிர, நாயகன் ஜெர்ரியாக நடித்து ஆடிய ஜீன் கெல்லிக்கு ஒரு சிறப்பு விருது. சிறந்த இயக்குநர் விருது மட்டும் மின்னெல்லிக்குக் கிடைக்கவில்லை. அந்த வருடம் அது ஜார்ஜ் ஸ்டீவன்ஸுக்குப் போயிற்று.

கடைசியில் வரும் பாலே சுமார் 17 நிமிடம். கெர்ஷ்வினின் இசை. டூஃபி, ரென்வார், உட்ரில்லோ, ரூசோ, வான்கா, துலூஸ்-லோட்ரெக் என்று ஒவ்வோர் ஓவியரின் பாணியிலும் ஒரு பாரிஸ். அதற்கான செட்டுகள் தயாராகிக்கொண்டிருந்த இடைவெளியில் மின்னெல்லி ஃபாதர்ஸ் லிட்டில் டிவிடெண்ட் என்ற இன்னொரு படத்தையே எடுத்து முடித்துவிட்டார். பாலேக்கு மட்டும் சுமார் 5 லட்சம் டாலர் செலவானது. அன்றைக்கு அது ஒரு சின்னப் படத்தின் பட்ஜெட். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. துலூஸ்-லோட்ரெக் வரைந்த, சாக்கலட் என்ற பெயர்கொண்ட கறுப்பு நடனக்காரராக ஓவியச் சட்டத்திலிருந்து கெல்லி உயிர்பெற்று எழும் நொடிக்காகவே திரும்பப் பார்க்கலாம்.

ஆனால் கதையில் அது எங்கே வருகிறது? காதலி லீஸ் (லெஸ்லி கேரன்) வேறொருவரோடு போகிறாள். ஜெர்ரி மாடி முகப்பில் நின்றபடி கனவு காண்கிறான். கனவு கலைகிறது. கார் சத்தம் கேட்கிறது. அவளே திரும்பி வந்துவிடுகிறாள். காரணம் பாலே இல்லை. இவர்கள் பேசியதை ஒட்டுக்கேட்ட அந்த மூன்றாவது மனிதர் மனமிரங்கி விட்டுக்கொடுத்ததுதான் காரணம். பதினேழு நிமிடக் கனவு ஜெர்ரியை ஓர் அங்குலம்கூட நகர்த்தவில்லை. வேண்டாம் என்று சொல்லும் பெண்ணை அவன் படத்தின் முன்பாதியில் விடாமல் துரத்துவதும் இன்று பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. கனவுப் பாட்டைக் கதைக்கு வெளியே வைத்து ரசித்துப் பழகிய நமக்கு இதெல்லாம் பெரிய குறையாகத் தெரியாமல் போகலாம். எனக்கும் பார்க்கும்போது தெரியவில்லை. அடுக்கும்போதுதான் தெரிந்தது.

சிங்கிங் இன் தி ரெயின் எங்கே? மறந்துவிட்டீர்களா?

அது அவர் படமில்லை. 1952இல் ஜீன் கெல்லியும் ஸ்டான்லி டோனனும் சேர்ந்து இயக்கியது. அதே ஸ்டுடியோ, அதே ஆர்தர் ஃப்ரீட், பேண்ட் வேகனுக்கும் அதற்கும் எழுத்தாளர்களும் ஒன்றே. அதனால் குழப்பம் இயல்பு. தி விசார்ட் ஆஃப் ஓஸும் அவருடையதல்ல.

தி பைரேட் ஓடாத படம் ஆயிற்றே. அதற்கு மூன்றாமிடமா?

வெளியானபோது நஷ்டம், உண்மைதான். படப்பிடிப்பில் கார்லண்டுக்கு உடம்பு சரியில்லாமல் பல நாட்கள் வீணாயின. கணவன் இயக்குநர், மனைவி நாயகி, வீட்டில் நிம்மதி இல்லை. இப்படி எடுத்த படத்தில் இவ்வளவு குதூகலம் எப்படி வந்தது என்பது ஆச்சரியம்.

கரீபியன் தீவு ஒன்றில் மனுவேலா என்ற பெண். ஊர் மேயரான ஒரு குண்டு மனிதருக்கு அவளை நிச்சயம் செய்திருக்கிறார்கள். அவளோ மகோகோ என்ற கொள்ளைக்காரனைப் பற்றிப் படித்துப் படித்து அவனையே கனவு காண்கிறாள். ஊருக்கு வந்த கூத்தாடி செராஃபின் (கெல்லி) சுழலும் கண்ணாடியைக் காட்டி அவளை வசியம் செய்கிறான். அடக்கமான பெண் மயக்கத்தில் எழுந்து மேக் தி பிளாக் பாட்டைக் கூட்டம் நடுவே வெறியோடு பாடுகிறாள். அவள் மனத்தில் இருப்பது ஊருக்கும் தெரிந்துவிட்டது, அவளுக்கும் தெரிந்துவிட்டது. இனி மேயரைக் கட்டிக்கொள்ள முடியுமா? என் சோதனையில் நூற்றுக்கு நூறு.

அதற்குப் பிறகு செராஃபின் தான்தான் மகோகோ என்று புளுகுகிறான். நிஜ மகோகோ யார் தெரியுமா? அந்தக் குண்டு மேயர். கொள்ளையை விட்டுவிட்டுத் தொப்பை போட்டுக் குடித்தனம் நடத்தும் மனிதர்! கனவு கண்ட ஆளே கண் முன்னால் நின்றும் அவளுக்குப் பிடிக்கவில்லை. புளுகும் நடிகனைத்தான் பிடிக்கிறது. மின்னெல்லி இதைவிடக் குறும்பாக எங்கும் யோசித்ததில்லை.

நிறங்கள் கண்ணை உறுத்தும். நடிப்பு வேண்டுமென்றே மிகை. 1948இன் ரசிகர்கள் மிரண்டுபோனதில் வியப்பில்லை. பி எ க்ளவுன் பாட்டில் கெல்லியோடு நிக்கோலஸ் சகோதரர்கள் என்ற கறுப்பினக் கலைஞர்கள் இருவர் சரிசமமாக ஆடுகிறார்கள். அமெரிக்கத் தென் மாநிலங்களில் சில ஊர்களில் அதை வெட்டிவிட்டுத் திரையிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஜிஜி ஒன்பது ஆஸ்கர் வாங்கியது. ஆறாமிடம்தானா?

ஒன்பது பிரிவுகளில் போட்டியிட்டு ஒன்பதிலும் வென்றது. மின்னெல்லிக்குச் சிறந்த இயக்குநர் விருது வாங்கித் தந்ததும் இதுதான். கோலெட் எழுதிய குறுநாவல், லெர்னர்–லோவ் பாட்டுகள், செசில் பீட்டன் உடைகள், மாக்ஸிம்ஸ் உணவகம் உட்பட நிஜமான பாரிஸ். பேண்ட் வேகனின் பார்க்கையே செட்டில் கட்டிய மனிதருக்கு இந்த முறை ஊரையே கொடுத்தார்கள்.

சிக்கல் கதையிலேயே இருக்கிறது. பணக்காரனுக்கு ஆசைநாயகியாகப் போவதற்காகவே ஒரு சிறுமியைப் பாட்டியும் பெரிய பாட்டியும் வளர்க்கிறார்கள். படம் அதைக் கிண்டல் செய்கிறது என்பது புரிகிறது. ஆனால் சின்னப் பெண்களைப் பார்த்து ஒரு கிழவர் மெய்மறந்து பாடும் முதல் பாட்டை இன்று நெளியாமல் கேட்க முடியவில்லை.

இரண்டு இடங்கள் மட்டும் அபாரம். கேஸ்டன் (லூயி ஜூர்தான்) கோபத்தில் ஜிஜியின் வீட்டைவிட்டு வெளியேறி, அவளைத் திட்டிக்கொண்டே பாரிஸைச் சுற்றுகிறான். திட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் வளர்ந்துவிட்டாள் என்பது அவனுக்கு உறைக்கிறது. கடைசியில் மறுபடி அதே மாதிரி நடக்கிறான். இம்முறை இரவு, நிழலுருவம் மட்டும், பாட்டே இல்லை, வாத்தியங்கள்தான். திரும்பிப் போய்ப் பெண் கேட்கிறான். முதல் நடையில் பாடியவன் இரண்டாவதில் பாடாமலே மாறுகிறான். இந்த இரண்டு நடையும் இல்லாவிட்டால் ஒன்பதாமிடத்துக்குத் தள்ளியிருப்பேன்.

கேபின் இன் தி ஸ்கையை இன்று எப்படிப் பார்ப்பது?

இரண்டு மனத்தோடுதான். அவருடைய முதல் படம். நடிப்பவர்கள் அனைவரும் கறுப்பினத்தவர். அன்றைய ஹாலிவுட்டில் அது பெரிய அபூர்வம். எத்தெல் வாட்டர்ஸ், லீனா ஹார்ன், லூயி ஆம்ஸ்ட்ராங், டியூக் எலிங்டன் எல்லோரும் ஒரே படத்தில். சூதாடியான கணவனின் ஆன்மாவுக்காகக் கடவுளின் ஆட்களும் சாத்தானின் ஆட்களும் மோதுகிறார்கள், மனைவி பெட்டூனியா ஜெபிக்கிறாள். சூதாட்டம், சோம்பல், பயபக்தி என்று வெள்ளையர் மேடைகள் கறுப்பினத்தவர் மேல் ஒட்டிவைத்த அச்சுகள் அத்தனையும் கதையில் இருக்கின்றன. அதை மழுப்ப முடியாது.

ஆனால் அந்த ஏழை வீட்டை மின்னெல்லி எப்படிக் காட்டுகிறார் என்று பாருங்கள். ஓட்டைக் குடிசையாகக் காட்டவில்லை. ஒழுங்கும் அழகும் உள்ள வீடாக, அங்கே வாழ்கிறவர்கள் ரசனை உள்ளவர்களாகத் தெரிகிறார்கள். எத்தெல் வாட்டர்ஸ் தன் கணவனைப் பற்றிப் பாடும்போது எந்த அச்சும் மிஞ்சுவதில்லை, ஒரு பெண்தான் மிஞ்சுகிறாள். லீனா ஹார்ன் குளியல் தொட்டியில் பாடிய பாட்டைத் துணிச்சல் அதிகம் என்று நீக்கிவிட்டார்கள். கடைசியில் வரும் சூறாவளிக் காட்சி விசார்ட் ஆஃப் ஓஸிலிருந்து எடுத்து ஒட்டியது. சிக்கன பட்ஜெட்!

மற்ற படங்களைப் பற்றி ஏன் ஒன்றும் சொல்வதில்லை?

சொல்ல அதிகமில்லை என்பதால். பெல்ஸ் ஆர் ரிங்கிங் தொலைபேசிச் செய்திச் சேவையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் கதை. ஜூடி ஹாலிடேயின் கடைசிப் படம், ஆர்தர் ஃப்ரீட் தயாரித்த கடைசி இசைப் படமும் இதுதான். ஹாலிடே தி பார்ட்டீஸ் ஓவர் பாடும்போது படம் ஒரு படி மேலே ஏறிவிடுகிறது. யோலாண்டா அன்றைக்கு மண்ணைக் கவ்வியது. கறுப்பு வெள்ளை அலைகள் போட்ட தரையில் அஸ்டேரும் லூசில் பிரெமரும் ஆடும் காபி டைம் நடனத்தை மட்டுமாவது பாருங்கள். பிரிகடூன் நூறு வருடத்துக்கு ஒரு நாள் மட்டும் விழித்தெழும் ஸ்காட்லாந்து கிராமம் பற்றியது. ஸ்காட்லாந்துக்கே போகாமல் ஸ்டுடியோவில் எடுத்தார்கள், வர்ணம் பூசிய வானம் பல்லிளிக்கிறது. ஆனால் அங்கிருந்து வெட்டி நியூயார்க் மதுக்கூடத்தின் இரைச்சலுக்குள் தூக்கிப் போடும் காட்சி பிரமாதம். ஆன் எ க்ளியர் டேயில் முற்பிறவிக் காட்சிகள் ஜொலிக்கின்றன, நிகழ்காலம் தூங்குகிறது. கிஸ்மெட் அவர் விருப்பப்பட்டு எடுத்ததில்லை. வான்காவைப் பற்றிய லஸ்ட் ஃபார் லைஃப் எடுக்க வேண்டுமானால் முதலில் இதை முடி என்றார்கள். படத்திலும் அது தெரிகிறது.

அவர் வெறும் அலங்காரக்காரர்தானே?

கடை ஜன்னல் கதை இங்கேதான் வருகிறது. செட்டும் உடையும் பார்த்துப் பார்த்துச் செய்வார், நடிகர்களிடம் என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லத் தெரியாது, உதட்டைச் சுழித்தபடி இன்னொரு தடவை என்பார். இந்தக் குற்றச்சாட்டில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

ஆனால் அவருடைய படங்களில் கனவுகள் இலவசமாக வருவதில்லை. பிறருடைய கனவில் அகப்பட்டுக்கொண்டால் தொலைந்தோம் என்பதுதான் மின்னெல்லியின் சினிமா என்று பிரெஞ்சுத் தத்துவவாதி ழீல் தெலூஸ் விளக்கினார். அதைப் படித்த பிறகு பைரேட்டையும் பிரிகடூனையும் திரும்பப் பார்த்தேன். கலை மேதையின் ஃபாஸ்ட் கனவில் சிக்கிய டோனி, பாட்டியின் கனவில் சிக்கிய ஜிஜி, அப்பாவின் நியூயார்க் கனவில் சிக்கிய டூட்டி. அந்த அலங்காரமெல்லாம் கூண்டின் கம்பிகள். அவற்றை அழகாகச் செய்தால்தானே உள்ளே போவார்கள்?

இசைப் படங்கள் அல்லாதவற்றை ஏன் சேர்க்கவில்லை?

சேர்த்தால் என் முதல் ஐந்து கலைந்துவிடும். ஹாலிவுட்டையே கீறிப் பார்க்கும் தி பேட் அண்ட் தி பியூட்டிஃபுல் (1952) ஐந்து ஆஸ்கர் வாங்கியது. சம் கேம் ரன்னிங் (1958) கடைசியில் வரும் திருவிழாக் காட்சியில் சிவப்பும் நீலமுமாக விளக்குகள் அலைமோத, கூட்டத்துக்குள் ஒருவன் துப்பாக்கியோடு தேடிவருகிறான். யாரும் பாடவில்லை, ஆனால் அது ஒரு பாலேதான். மேடம் போவரி (1949) படத்தின் நடன விருந்தும் அப்படியே. மூச்சுத் திணறுகிறது என்று ஜன்னல் கண்ணாடிகளை நாற்காலியால் உடைக்கிறார்கள். இவற்றுக்குத் தனி வரிசை போட வேண்டும்.

எந்தப் படத்தில் ஆரம்பிக்கலாம்? எப்படிப் பார்ப்பது?

பேண்ட் வேகனில் ஆரம்பியுங்கள். முதலிடம் கொடுத்த படத்தைச் சொல்லாமல் இரண்டாவதைச் சொல்கிறேனே என்றால், செயின்ட் லூயிஸ் மெதுவாகத்தான் உள்ளே இறங்கும். முதல் முறை பார்த்தபோது நானே பாதியில் எழுந்து போயிருக்கிறேன்.

நல்ல பிரதியில் பாருங்கள், இதில் மட்டும் சமரசம் வேண்டாம். அந்தக் காலத்து டெக்னிகலர் வண்ணப்படக் கேமரா ஒரு பட்டகத்தின் மூலம் ஒளியைப் பிரித்து, மூன்று கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களில் தனித்தனியாகப் பதிவு செய்தது. பிறகு அவற்றிலிருந்து சாயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே பிலிமில் ஏற்றினார்கள். எஸ்தரின் ஆடைச் சிவப்பு அப்படி அடர்ந்து நிற்பதற்கு அதுதான் காரணம். மங்கிப்போன பிரதியில் அந்தச் சிவப்பு செங்கல் நிறமாகிவிடும். பிரிகடூனும் ஜிஜியும் சினிமாஸ்கோப் என்ற அகலத்திரைப் படங்கள், ஓரங்கள் வெட்டுப்படாத பிரதியாகத் தேடுங்கள். கைப்பேசியில் பார்த்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

இந்த வரிசை மாறுமா?

மாறிக்கொண்டேதான் இருக்கிறது. யோலாண்டா முன்பு பதினொன்றில் இருந்தது. ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ் ஒரு காலத்தில் முதலிடத்தில் இருந்தது, அப்போது எனக்கு இருபது வயது. பேண்ட் வேகன் முதலிடத்துக்கு வரவேண்டுமானால் டூட்டியின் பனி மனிதர்களைத் தாண்டி வரவேண்டும். போன டிசம்பரில் மறுபடி பார்த்தேன். இன்னும் தாண்டவில்லை.